வசந்தாமணியின் பச்சைச் சரிவு

வசந்தாமணி முதன்முதலாகப் பனிமலையில் சறுக்கியது 1991 பிப்ரவரியில். தாராபுரம் பக்கத்திலிருந்து அமெரிக்காவில் நியூஜெர்சியின் எடிசன் நகரத்துக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். குளிர்காலத்தில் ஊழியர்களை ஒருநாள் பஸ்ஸில் பனிமலைக்குக் கூட்டிப்போவது அந்த மருத்துவமனையில் வழக்கம். வார்டில் நர்ஸாக இருந்த ஜெயலீலா தனக்கும் கணவர் ஜெபதாஸுக்கும் பெயர் கொடுத்திருந்தாள். ஜெபதாஸ், சர்ச்சில் பாட்டுப் பயிற்சி இருக்கிறது என்று கடைசி நேரத்தில் கழன்றுகொண்டார்.

"சும்மா வா வசந்தா. ஒரு சீட் வேஸ்ட்டாப் போவுதுல்லா. பிடிக்கலன்னா உள்ள உக்காந்து காப்பி குடி, யாரு கேக்கப்போறா?" என்றாள் ஜெயலீலா.

சல்வாருக்கு மேலே ஜீன்ஸ் மாட்டி, கணவன் மயில்சாமியின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வசந்தாமணி போனாள். அந்த ஒருநாளில் அவள் விழாத இடம் இல்லை. எந்திரம் இழுக்கும் கயிற்றைப் பிடித்து மேலே போகும் வரிசையில் நிற்கும்போதே விழுந்தாள். பின்னால் நின்ற ஒரு டாக்டரையும் சேர்த்து விழவைத்தாள். விழுவதைவிட எழுவதுதான் பெரும்பாடாக இருந்தது. ஒரு காலை ஊன்றினால் இன்னொரு கால் தன்பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போனது. மதியத்துக்குள் ஜீன்ஸ் நனைந்து தொடையில் ஒட்டி விறைத்துவிட்டது.

பஸ்ஸுக்குக் கிளம்பச் சொல்லிக் கூப்பிட்டபோது அவள் சரிவின் மேலே நின்றிருந்தாள். காலில் மாட்டியிருந்த நீளக் கட்டைகளான ஸ்கீக்களைத் திருப்பிக்கொடுக்க வேண்டுமே என்றுதான் இறங்கினாள். சொல்லிக்கொடுத்தபடி இரண்டு முனைகளையும் முன்னால் குவித்து, பின்பக்கத்தை அகட்டி வைத்துக்கொண்டாள். கீழே யாரும் இல்லை. நகர்ந்தது. காற்று காதை அடைத்தது. வலப்பக்கம் போக வேண்டும் என்று நினைத்தாள், போனது. இடப்பக்கம் என்று நினைத்தாள், அதுவும் நடந்தது. அடிவாரம் வரைக்கும் அவள் விழவே இல்லை. நின்றபிறகுதான் வாய் திறந்திருப்பதும் பல் கூசுவதும் தெரிந்தது.

அந்த நாட்களில் அவள் எங்கே போவதானாலும் யாராவது கூட்டிக்கொண்டு போக வேண்டும். கடைக்கு மயில்சாமி. வேலைக்கு ஜெயலீலாவின் கார். டிரைவிங் டெஸ்டில் இரண்டுமுறை தவறியிருந்தாள். அமெரிக்காவுக்கு வந்தபிறகு அவளாக ஓட்டிய முதல் வண்டி அந்த ஸ்கீக்கள்தான். பஸ்ஸில் திரும்பும்போது ஜெயலீலா குறட்டை விட்டுத் தூங்கினாள். வசந்தாமணி தூங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மயில்சாமியிடம் சொன்னாள். "ஏனுங்க, அடுத்த வருசம் நாம எல்லாரும் போலாமுங்க. மகிழனையும் கூட்டிட்டு."

"அவனுக்கு ரெண்டு வயசுதான், புள்ள."

"அங்க மூணு வயசுப் பசங்கெல்லாம் போகுதுங்க."

"அதுக இந்த ஊர்ப் பசங்க. நல்லா இருக்கற காலை ஒடிச்சுக்கவா நாம இங்க வந்தோம்?"

மருந்துக் கம்பெனியில் வேதியியலாளனாக இருந்த மயில்சாமி கெட்டவன் அல்ல. எதையும் வேண்டாம் என்று ஆரம்பிப்பது அவன் சுபாவம். வசந்தாமணி அதைத் தெரிந்துவைத்திருந்தாள். ஒரு வருடத்தில் மனசு மாறும் என்று நினைத்தாள். ஐந்து வருடம் ஆயிற்று.

முதல் வருடம் ரோஷினி வயிற்றில். அடுத்த வருடம் ரோஷினி கைக்குழந்தை. அதற்கடுத்த குளிர்காலத்தில் ஜெயலீலாவோடு ஒருநாள் போகவிருந்தாள். கிளம்புகிற காலையில் மகிழனுக்கு அம்மை போட்டுவிட்டது. பிறகு ஜெபதாஸுக்கு டெக்சாஸில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்து, அந்தக் குடும்பமே அங்கே ரவுண்ட் ராக் என்ற ஊருக்குப் போய்விட்டது. போகிற அன்று ஜெயலீலா தன்னுடைய கையுறைகளைக் கொடுத்தாள். "அங்க பனிக்கு எங்க போக? நீ வச்சுக்க. போறப்ப என்னை நெனச்சுக்க." வசந்தாமணிக்கு அதற்குள் லைசன்ஸ் கிடைத்திருந்தது. ஆனால் ஃப்ரீவேயில் ஓட்டப் பயம். மலைக்கு ஃப்ரீவேயில்தான் போக வேண்டும்.

ஒவ்வொரு நவம்பரிலும் அவள் பேச்சை எடுப்பாள். மயில்சாமி, "பாக்கலாம்" என்பான். மார்ச்சில் பனி உருகும்.

1996 ஜனவரியில் பெரிய பனிப்புயல் அடித்து ஊரே மூடிக்கிடந்தது. வீட்டு வாசலில் குவிந்திருந்த பனியில் மகிழனும் ரோஷினியும் பிளாஸ்டிக் மூடியை வைத்துச் சறுக்கிக்கொண்டிருந்ததை ஜன்னலில் நின்று மயில்சாமி பார்த்தான். அந்த சமயம் பார்த்து வசந்தாமணி கேட்டாள். அவனால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. "நான் கார் ஓட்டறேன். அவ்வளவுதான். கட்டையை மாட்டச் சொல்லாத," என்றான்.

அதுவே போதுமாக இருந்தது அவளுக்கு. பள்ளிக்கூடத்தில் பழைய ஸ்கீக்கள் விற்றபோது பிள்ளைகளுக்கு வாங்கினாள். முதல்நாள் இரவே புளிசாதம் கட்டி, மாற்றுக் காலுறைகளை எடுத்துவைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை நியூஜெர்சியின் வடக்கு மூலையில் இருந்த மலைக்குக் குடும்பமே போனது. மயில்சாமி அடிவாரத்துக் கெஃபடீரியாவில் பத்திரிகையோடு உட்கார்ந்துகொண்டான். வசந்தாமணி பிள்ளைகளைக் கயிற்று வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"இங்க பாருங்க. முன்னால ரெண்டையும் சேத்து வெக்கணும். பின்னால அகட்டணும். அப்ப நிக்கும்."

"லைக் அ பீட்சா ஸ்லைஸ்!" என்றான் மகிழன், பக்கத்தில் ஒரு பயிற்சியாளர் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டு.

"அதேதான்."

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஏழு வயது மகிழனுக்கு அந்தச் சரிவு அலுத்துவிட்டது. மூன்று வயது ரோஷினி விழுந்தாள், எழுந்தாள், மறுபடி போனாள். விழுவது அவளுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. வசந்தாமணி அன்றைக்கு ஆறேழு முறை விழுந்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். சாயங்காலம் காரில் இரண்டு பிள்ளைகளும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். "அடுத்த வாரமும் போலாமாங்க?" என்று கேட்டாள். மயில்சாமி, "கெஃபடீரியாவுல குளிருது," என்றான்.

அந்தக் குளிர்தான் எல்லாவற்றையும் மாற்றியது. அடுத்த வருடம் இரண்டாவது முறை போனபோது, உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போகிறது என்று மயில்சாமி வாடகை ஸ்கீ எடுத்தான். வசந்தாமணிக்குத் தலைகால் புரியவில்லை. அவனுடைய பூட்ஸ் கொக்கிகளை அவளே குனிந்து மாட்டிவிட்டாள். முனைகளைக் குவிப்பது எப்படி என்று காட்டினாள். மயில்சாமி ஒருமுறை விழுந்தான். எழுந்து சரிவைப் பார்த்தான். அவன் குள்ளம், தொடைகள் உறுதியானவை, கோபி காலேஜில் கபடி ஆடியவன். இரண்டாம் முறை விழாமல் இறங்கினான். மூன்று மணிக்கெல்லாம் ஸ்கீக்களைக் குவிக்காமல், இரண்டையும் இணையாக வைத்தே திரும்ப ஆரம்பித்துவிட்டான். மகிழன் கைதட்டினான். "அப்பா! யூ ஆர் ஸோ குட்!"

வசந்தாமணியும் கைதட்டினாள். ஆறு வருடம் அவள் கனவு கண்டது அதைத்தானே, நாலு பேரும் ஒன்றாக மலையில்.

ஆனால் நாலு பேரும் ஒன்றாக இருந்தது அன்று ஒருநாள் மட்டும்தான். மலைப்பாதைகளுக்கு நிறம் உண்டு. பச்சை சுலபம், நீலம் அதைவிடச் செங்குத்து, கறுப்பு கைதேர்ந்தவர்களுக்கு. அந்த சீசன் முடிவதற்குள் மயில்சாமியும் பிள்ளைகளும் நீலத்துக்குப் போய்விட்டார்கள். வசந்தாமணி பச்சையிலேயே இருந்தாள். ஸ்கீக்களின் முனை கீழ்நோக்கித் திரும்பும் அந்த ஒரு கணத்தில் அவள் உடம்பு தானாகப் பின்னால் சாய்ந்துவிடும். சாயக்கூடாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வாயால் சொல்லிக்கொண்டே இறங்குவாள், "முன்னால, முன்னால." உடம்பு கேட்காது.

மயில்சாமி வீடியோ கேசட் வாங்கிவந்து பார்த்தான். சாப்பாட்டு மேசையில் எழுந்து நின்று முழங்காலை மடக்கிக் காட்டினான்.

"வெயிட்டை முன்னால போடு வசந்தா. அவ்வளவுதான். சிம்பிள்."

"தெரியுமுங்க."

"தெரிஞ்சா ஏன் செய்ய மாட்டேங்கறே?"

அவள் பாத்திரத்தைத் தேய்த்தாள். பயிற்சி வகுப்பிலும் சேர்ந்து பார்த்தாள். அவள் பெயரைச் சொல்ல முடியாமல் 'வாஸ்' என்று கூப்பிட்ட ஒரு இளம்பெண், முழங்காலை மடக்கு, கீழே பார், பயப்படாதே என்றாள். பயப்படாமல் இருப்பது எப்படி என்று அவளும் சொல்லவில்லை. ஒரு காலையில் வசந்தாமணி நன்றாகத் திரும்பினாள், இரண்டு தடவை தொடர்ந்து. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று சுற்றிலும் பார்த்தாள். அவர்கள் மலையின் மறுபக்கத்தில் இருந்தார்கள்.

1998 குளிர்காலத்தில் பனியே இல்லை, மழைதான். மூன்றுமுறை கிளம்பி மூன்றுமுறையும் ரத்தானது. அதற்கடுத்த வருடம் பனி இருந்தது, ஆனால் அவளுக்குப் பாதி வாரக்கடைசிகளில் லேபில் டியூட்டி. அவள் டியூட்டிக்குப் போன நாட்களில் மற்ற மூன்று பேரும் மலைக்குப் போனார்கள். திரும்பிவந்து ஈரக் காலுறைகளைக் குளியலறையில் போட்டுவிட்டு, அவள் பார்த்திராத பாதைகளின் பெயர்களைச் சொல்லிப் பேசிச் சிரித்தார்கள். அவள் போன நாட்களிலும் பெரிய வித்தியாசம் இல்லை. காலையில் மூவரையும் அனுப்பிவிட்டு, மூன்று வயதுக் குழந்தைகளுக்கு நடுவில் சறுக்கி, மதியம் சாப்பாட்டு மேசையைப் பிடித்துவைத்து, கையுறைகளை உலர்த்தி, டப்பாக்களைத் திறந்து காத்திருந்தாள்.

2000 ஜனவரியில் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழா ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. பந்தியில் வசந்தாமணி சர்க்கரைப் பொங்கல் பரிமாறிக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசையில் மயில்சாமியிடம் பாலசுப்ரமணியன் என்ற நண்பர் கேட்டார்.

"நீங்க ஃபேமிலியோட ஸ்கீயிங் போறீங்களாமே சார்? நம்ம ஆளுங்க யாரும் போய் நான் பாத்ததே இல்ல. எப்படிப் பழகினீங்க?"

"அதென்னமோ எனக்கு ஆரம்பத்துல இருந்தே ஒரு ஆசை," என்றான் மயில்சாமி. "பசங்களையும் இழுத்துட்டுப் போயிட்டேன். இப்ப அவங்க என்னயவே முந்தறாங்க."

"மேடமும் வருவாங்களா?"

"வருவா. வசந்தா ஸ்லோப் பக்கம் அதிகம் வரமாட்டா. சாப்பாடு, துணிமணி எல்லாம் பாத்துக்குவா. அதுவும் வேணுமில்ல?"

வசந்தாமணியின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. தட்டை நீட்டிக்கொண்டிருந்த பெண், "போதும் ஆன்ட்டி" என்று நகர்ந்துவிட்டாள், தட்டில் ஒன்றும் விழாமலே. அவன் பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அது அவளுக்குத் தெரிந்தது. உண்மையிலேயே அப்படித்தான் நடந்தது என்று அவன் நம்ப ஆரம்பித்திருந்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் காரில் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். பின்சீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். இதைப்போய்ப் பெரிதாக்குகிறாயா என்பான் என்று பட்டது. வாயை மூடிக்கொண்டாள். ஒரு வருடம் மூடியே வைத்திருந்தாள்.

2001 பிப்ரவரி விடுமுறையில் வடக்கே வெர்மான்ட் மாநிலத்துக்குப் போனார்கள். அது அவர்கள் அதுவரை பார்த்ததில் பெரிய மலை. முதல்நாள் வழக்கம்போல வசந்தாமணி அடிவாரத்தில். இரண்டாம் நாள் காலையில் மயில்சாமி வரைபடத்தைக் காட்டி, "உச்சியில இருந்தே ஒரு பச்சைப் பாதை இறங்குது பாரு. வா, நாலு பேரும் சேந்து போலாம். உனக்கு ஒண்ணும் ஆகாது," என்றான். நாலு பேரும் என்ற சொல்லில் அவள் விழுந்துவிட்டாள்.

நாற்காலி லிஃப்டில் நால்வரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து போனார்கள். மேலே போகப் போக மரங்கள் குட்டையாகி வெள்ளைப்பூச்சு பூசிக்கொண்டு நின்றன. உச்சியில் இறங்கியபோது காற்று முகத்தில் அறைந்தது. மேகம் காலடியில் இருந்தது. பச்சைப் பாதையின் தலைப்பில் கயிறு கட்டி, மூடப்பட்டிருக்கிறது என்று பலகை வைத்திருந்தார்கள். மற்றதெல்லாம் நீலமும் கறுப்பும்.

வசந்தாமணி நீலப் பாதையை எட்டிப்பார்த்தாள். அது கொஞ்ச தூரம் தெரிந்து பிறகு கீழே விழுந்து காணாமல் போனது.

"நேத்துத் திறந்துதான் இருந்துச்சு," என்றான் மயில்சாமி.

"இன்னைக்குக் கேட்டுட்டு வந்தீங்களா?"

லிஃப்ட் இயக்குபவரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தான். "லிஃப்டுலயே கீழ அனுப்பறேன்னு சொல்றான். நீ அதுல போயிரு."

வரிசை வரிசையாக மேலே வருகிறவர்கள் எல்லாம் பார்க்க, தனியாகக் கீழே இறங்கும் நாற்காலியில் தான் உட்கார்ந்திருப்பதை அவள் நினைத்துப் பார்த்தாள். "மாட்டேன். சறுக்கியே வர்றேன்," என்றாள்.

பிள்ளைகளை முதலில் போகச் சொல்லிவிட்டு மயில்சாமி அவளுக்கு முன்னால் நின்றுகொண்டான். அவள் பாதையின் குறுக்காக ஓரம் வரை போனாள், திரும்பினாள், விழுந்தாள்.

"பின்னால சாயற. வெயிட்டை முன்னால—"

எழுந்தாள். மறுபடி குறுக்காகப் போனாள்.

"முழங்காலை மடக்கு. கீழ பாரு. ஐயோ, கீழன்னா காலைப் பாக்கறதில்ல—"

"பேசாதீங்க!" அவள் கத்தியதில் மேலே வந்துகொண்டிருந்த லிஃப்டிலிருந்து இரண்டு பேர் குனிந்து பார்த்தார்கள். "இன்னொரு வார்த்தை பேசுனா இங்கயே உக்காந்துக்குவேன், ஹெலிகாப்டர் வந்து தூக்கிட்டுப் போகட்டும். போங்க நீங்க. என்னய விடுங்க!"

"உன்னயத் தனியா விட்டுட்டு எப்படி—"

"நாலு வருசமா எப்படி விட்டீங்களோ அப்படி."

மயில்சாமி திரும்பி, இரண்டு வளைவுகளில் மேகத்துக்குள் போய்விட்டான். அதையும் அழகாகச் செய்தான்.

தனியாக அவள் இறங்கினாள். பாதையின் முழு அகலத்துக்கும் குறுக்கே போவாள், ஓரத்து மரங்களுக்குப் பக்கத்தில் நின்று மூச்சு வாங்குவாள், பல்லைக் கடித்துக்கொண்டு திரும்புவாள். ஒருமுறை ஸ்கீ கழன்று கொஞ்ச தூரம் ஓடி நின்றது. அது கிடந்த இடம் வரை உட்கார்ந்தபடியே நகர்ந்து போய் எடுத்தாள். அழுகை வந்தது. கண்ணாடிக்குள் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை என்பதால் அழுகையை நிறுத்தினாள். பயத்தைவிட அவளுக்குக் கோபம்தான் அதிகமாக இருந்தது. அவன்மேல், மலைமேல், எல்லாவற்றையும்விடச் சொன்ன பேச்சைக் கேட்காத தன் உடம்பின்மேல். பத்து வருடம் ஒன்றை இப்படி ஆசைப்பட்டும் அது ஒட்டவே மாட்டேன் என்கிறதே என்று இருந்தது.

பாதை வளையும் இடத்தில் ஒரு சின்ன உருவம் ஓரமாக உட்கார்ந்திருந்தது. ரோஷினி.

"அப்பா இருக்கச் சொன்னாரா?"

"நோ. ஹீ ஸெட் கோ டவுன் வித் அண்ணா."

"அப்புறம் ஏன் உக்காந்துட்டிருக்கே?"

ரோஷினி தோளைக் குலுக்கினாள். "மை டோஸ் ஆர் ஃப்ரீஸிங், அம்மா. கேன் வீ கோ?"

எட்டு வயது ரோஷினி அம்மாவுக்கு முன்னால் போகவில்லை. பின்னாலேயே, தனக்கு எப்போதோ தேவைப்படாமல் போன, முனைகளைக் குவிக்கும் அந்தப் பீட்சாவைப் போட்டுக்கொண்டு மெதுவாக வந்தாள். ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. வசந்தாமணி விழுந்தபோது நின்றாள், எழுந்தபோது கிளம்பினாள். கடைசிச் சரிவு வந்தபோது மேகம் விலகி அடிவாரத்துக் கட்டடங்கள் தெரிந்தன.

கீழே மயில்சாமியும் மகிழனும் காத்திருந்தார்கள். மயில்சாமியின் முகம் வெளுத்திருந்தது. அவன் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தான். பிடித்த கையோடு, "கடைசியில பாத்தேன், பரவால்ல. இன்னும் கொஞ்சம் மட்டும் முன்னால—" என்று ஆரம்பித்தான்.

வசந்தாமணி கையை உதறினாள். "உங்களுக்கு ஆரம்பத்துல இருந்தே ஆசைங்களா?"

"என்ன?"

"போன வருசப் பொங்கலுக்கு பாலசுப்ரமணியன் சார்கிட்டச் சொன்னீங்களே. நீங்கதான் எல்லாரையும் இழுத்துட்டு வந்தீங்களா? அஞ்சு வருசம் நாய் மாதிரிக் கெஞ்சுனேன். உங்க கால்ல முதல்ல பூட்ஸ் மாட்டிவிட்டது யாரு? நான் ஸ்லோப் பக்கம் வராதவளா? சோத்து டப்பா தூக்கறதுக்கா நான் இதுக்கு ஆசைப்பட்டேன்?"

மகிழன் தங்கையைப் பார்த்தான். மயில்சாமிக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அப்படியா சொன்னேன்? சும்மா ஒரு பேச்சுக்கு… அதைப் போயி ஒரு வருசமா மனசுல வெச்சிட்டிருக்கியா?"

இதைத்தான் சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் சொல்லிவிட்டதில் நெஞ்சு கொஞ்சம் இளகியது. "ஆமா. வெச்சிட்டுத்தான் இருக்கறேன்," என்று ஸ்கீக்களைக் கழற்றினாள்.

மறுநாள் காலையில் அவள் சாப்பாடு கட்டவில்லை. மேசையும் பிடித்துவைக்கவில்லை. மூவரும் வரிசையில் நின்று பீட்சா வாங்கித் தின்றார்கள். அன்று மாலை விடுதி அறையில் அவள் ஒரே ஒரு கட்டளை போட்டாள்: இனிமேல் எந்த மலைக்குப் போனாலும் முதல் இரண்டு தடவை நாலு பேரும் பச்சையில், அவளோடு. யாரும் எதுவும் சொல்லித்தரக் கூடாது. அதற்குப் பிறகு எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

"ஓகே," என்றாள் ரோஷினி. மகிழன் முனகினான். மயில்சாமி, "சரி சரி," என்றான், டிவியைப் பார்த்தபடி.

மார்ச்சில் சீசன் முடிவதற்குள் நியூஜெர்சி மலைக்கு இன்னொருமுறை போனார்கள். வெயில் ஏறிப் பனி கூழாகிக் கிடந்தது. வசந்தாமணி முன்னால், முனைகளைக் குவித்துக்கொண்டு, பின்னால் ரோஷினி, அதற்குப் பின்னால் மகிழன், ஒரு காலில் நின்று வித்தை காட்டிக்கொண்டு, கடைசியில் மயில்சாமி. முதல் திருப்பத்திலேயே அவன் வாய் திறந்தது. "வசந்தா, அந்த வலது கால்ல—"

"அப்பா!" என்றார்கள் இரண்டு பிள்ளைகளும் ஒரே குரலில்.

அவன் வாயை மூடிக்கொண்டான். ஆனால் பெருமூச்சு விட்டான், அவளுக்குக் கேட்கும்படி. வசந்தாமணி இன்னும் கொஞ்சம் அகட்டி, இன்னும் மெதுவாகப் போனாள். அவளுடைய உடம்பு அன்றைக்கும் பின்னால்தான் சாய்ந்தது. அடிவாரத்தில் நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்து நின்றார்கள்.

"கேன் வீ கோ டு த பிக் ஒன் நவ்?" என்று கேட்டான் மகிழன்.

"ரெண்டு தடவைன்னு சொன்னேன். இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குது."

மூன்று பேரும் முனகிக்கொண்டே அவளுக்குப் பின்னால் லிஃப்ட் வரிசையில் போய் நின்றார்கள்.